மாத்திரைக்கு இளகுவதும் இளகாததும்

மூளையில் கம்பி வைக்கும் ஆபரேஷனைப் பற்றி அண்ணன் மகன் முதலில் கேட்டது செலவை. நான் கேட்டது வேறு: "மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழிச்சு உங்கப்பாவுக்கு எதெல்லாம் சரியாகுதுன்னு கவனிச்சிருக்கியா?" செவிலியராக இருந்து ஓய்வுபெற்று ஜமுனாமரத்தூரில் இருக்கிறேன். எழுபதைத் தாண்டிய அண்ணனுக்குப் பார்க்கின்சன் நோய்.

மூளையில் டோபமின் சுரக்கும் செல்கள் அழிவதால் வருவது இது. லெவோடோபா மாத்திரை அந்தக் குறையை ஈடுகட்டும். வருஷங்கள் போகப் போக அதன் பலன் சீக்கிரம் தீர்ந்துவிடும். மருந்து ஏறியிருக்கும்போதோ உடம்பு தானாக நெளியும். இந்த ஏற்ற இறக்கத்தைச் சமன்படுத்தத்தான் மூளையின் ஆழத்தில் மின்முனை பதித்து, மார்புத் தோலுக்கடியில் பேட்டரி வைக்கிறார்கள். பிரான்சில் பெனபிட் என்ற மருத்துவர் நடுக்கத்துக்கு இதைச் செய்தது 1987 இல். ஆழ்மூளைத் தூண்டல் எனப்படும் இந்த முறையை இந்தியாவில் 1975 லேயே செய்த குழுவில் சென்னை டாக்டர் டி.எஸ். கனகா இருந்தார், ஆசியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை நிபுணர்களில் ஒருவர். அவர் பெயர் நம் பிள்ளைகளுக்குத் தெரியாதது எனக்கு ஒரு குறை.

மாத்திரைக்கு இளகாத தொந்தரவு பெரும்பாலும் கம்பிக்கும் இளகாது. நடுக்கம் மட்டும் விலக்கு. மருந்து வேலை செய்யும் நேரத்தில் அண்ணனே சட்டைப் பொத்தான் போட்டுக்கொள்கிறார். ஆனால் திரும்பும்போது தள்ளாடுவதும் குரல் கம்மிப்போவதும் அப்படியே இருக்கின்றன. எங்கள் சாமைக் கொல்லை சரிவில் இருக்கிறது. அங்கே அவரைக் கீழே தள்ளப்போவது உதறல் அல்ல, தள்ளாட்டம். ஆபரேஷனுக்குப் பின் சிலருக்குப் பேச்சு இன்னும் குழறும், நடையும் தளரும். மறதி தொடங்கியவர்களுக்குக் குழப்பம் கூடலாம் என்பதால்தான் முன்பே நினைவாற்றலைச் சோதிக்கிறார்கள்.

வயதானாலே கூடாது என்பதும் சரியில்லை. 2014 இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஆபரேஷன் செய்துகொண்ட 1,757 பேரில் 7.5 சதவீதம் பேருக்கு 90 நாட்களுக்குள் ஏதாவது சிக்கல் வந்தது: காயத்தில் சீழ், நிமோனியா, 1.4 சதவீதம் பேருக்கு ரத்தக்கசிவு. 75 வயதைக் கடந்தவர்களுக்கு மொத்தச் சிக்கல் குறிப்பிடும்படி கூடவில்லை. எனக்கு இதில் ஒரு தயக்கம் உண்டு. ஆபரேஷன் மேசை வரை போகிற முதியவர்கள் ஏற்கெனவே சலித்து எடுக்கப்பட்டவர்கள். சர்க்கரை, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, ஞாபகக் குறைவு என்று இருப்பவர்கள் அந்தக் கணக்குக்குள் அதிகம் வந்திருக்க மாட்டார்கள்.

எங்களைப் போல மலையில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. கம்பி வைத்ததோடு முடியாது. மின்சார அளவைக் கூட்டிக் குறைக்கப் பல தடவை ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்; கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்ஸில் அண்ணனை இறக்கி ஏற்ற ஒரு ஆள் வேண்டும். சார்ஜ் செய்ய முடியாத பேட்டரியைச் சில வருஷங்களில் மாற்ற மறுபடி சிறு ஆபரேஷன். மூட்டுவலிக்கு வைக்கும் டயதர்மி சூட்டு சிகிச்சை பக்கமே போகக்கூடாது. கம்பி சூடேறி மூளையைச் சிதைத்துவிடும்.

பூனைக்காலி விதை போதாதா என்றும் சிலர் கேட்கிறார்கள். அதிலும் லெவோடோபா உண்டு, ஆனால் ஒரு பிடியில் எவ்வளவு என்று யாரால் சொல்லமுடியும்? மாத்திரையோடு சேர்த்தால் அளவு மீறிப்போகலாம்.

மாத்திரைக்கு முன்னும் பின்னும் அண்ணன் நடப்பதைப் போனில் வீடியோ எடுக்க அவர் மகனிடம் சொன்னேன். வேலூரில் நரம்பியல் டாக்டரிடம் அதைக் காட்டி, எது தேறும் என்பதோடு எது தேறாது என்பதையும் கேட்டு வரட்டும். மாத்திரை நேரத்தை மாற்றியே சமாளிக்கலாம் என்று அவர் சொன்னாலும் சொல்வார். "போட்டோக்காரன் முதல்ல கைய ஆட்டாம பிடிக்கட்டும்" என்றார் அண்ணன்.