மண்ணைக் காக்கும் கறவை மாடுகள்

அமெரிக்கப் பால் பண்ணை என்றால் ஒரே கூரையின் கீழ் ஆயிரக்கணக்கான மாடுகளை நிறுத்திக் கறக்கும் பெரும் பண்ணைகளே பலருக்கும் நினைவுக்கு வரும். விஸ்கான்சின் மாநிலத்தின் தென்மேற்கில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள வெர்னான் கவுண்டி நெடுங்காலமாக வேறு வழியில் நடந்து வந்தது. கவுண்டி என்பது மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு. பரப்பு சுமார் 2,100 சதுர கிலோமீட்டர். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை 30,700ஐ ஒட்டியது. சில பத்து மாடுகளை வைத்துக் குடும்பமே கறந்து பிழைத்த ஊர்கள் இவை.

இங்கு மாடு நிலைத்ததற்கு நிலமே காரணம். பழங்காலப் பனிப்பாறைகள் இப்பகுதியை மட்டும் தேய்த்துச் சமப்படுத்தாமல் விட்டுவிட்டன. குன்றுகளின் உச்சியில் கொஞ்சம் சமநிலம், பிறகு செங்குத்தான சரிவு, கீழே குறுகிய பள்ளத்தாக்கு. முதலில் கோதுமை பயிரிட்டனர். மண் களைத்தது, பூச்சியும் தாக்கியது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மாநிலம் முழுவதுமே பாலுக்கு மாறியது. நார்வே நாட்டிலிருந்து வந்தோர் வெஸ்ட்பியைச் சுற்றியும், செக் மக்கள் ஹில்ஸ்பரோ பக்கமும் குடியேறினர். அதே ஹில்ஸ்பரோ அருகே கறுப்பின விவசாயக் குடும்பங்களும் இருந்தன. அவர்களுள் ஒருவரான அல்கா ஷிவர்ஸ் கட்டிய வட்ட வடிவ மாட்டுத் தொழுவங்கள் இக்கவுண்டிக்கே தனிப்பெயர் தந்தன. சுருட்டுக்கான புகையிலையும் சிறிதளவு பயிரானது. பால் பணம் வீட்டுச் செலவுக்குப் போக, புகையிலைப் பணம் கடனடைக்க உதவியது.

மலைச் சரிவில் மாடு விட்டால் மண் தங்கும் என்று எண்ணிவிடக் கூடாது. 1930களில் இங்கே நிலைமை மிக மோசம். செங்குத்துக் காடுகளிலும் மாடு மேய்ந்தது. சரிவில் மேலிருந்து கீழாக உழுதனர். ஒவ்வொரு பெருமழைக்கும் மேட்டு மண் இறங்கிப் பள்ளத்தாக்கு வயல்களை மூடியது. 1933இல் கூன் பள்ளத்தாக்கில், அமெரிக்காவிலேயே முதலாவதான பெரிய நீர்ப்பிடிப்புப் பகுதி மண்காப்புச் செயல்விளக்கத் திட்டத்தை அரசு தொடங்கியது. 400க்கும் மேற்பட்ட விவசாயிகள் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். விதை, சுண்ணாம்பு, வேலி, ஆள் உதவி அரசுடையது. செங்குத்துக் காட்டில் மாடு விடாமல் இருப்பதும், சரிவுக்குக் குறுக்கே உழுவதும் விவசாயியின் பொறுப்பு.

அன்று வகுத்த பயிர்முறை எளிமையானது. சரிவுக்குக் குறுக்கே மக்காச்சோளம் ஒரு பட்டை, அதையடுத்துத் தீவனப் பயிர் ஒரு பட்டை. மக்காச்சோளம் ஓரிரு ஆண்டு. பின்னர் ஓட்ஸுடன் குதிரைமசாலைச் சேர்த்து விதைப்பர். ஓட்ஸ் அறுவடையான பின் குதிரைமசால் தழைத்து மூன்று ஆண்டு வரை நிற்கும். அதை வெட்டி உலர்த்தி, உறைபனிக் காலத் தீவனமாகச் சேமிப்பர். மேட்டிலிருந்து ஓடிவரும் நீரின் வேகத்தை இந்தப் பட்டைகள் உடைக்கும். வேர்முண்டுகள் சேர்க்கும் தழைச்சத்தும் தொழுவத்து எருவும் அடுத்த மக்காச்சோளத்துக்குப் போகும். பல்லாண்டு கழித்து அளந்து பார்த்தபோது, பள்ளத்தாக்கில் வண்டல் படியும் வேகம் பழைய அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே குறைந்திருந்தது.

ஆனால் இந்த முறை முழுவதும் ஒன்றை நம்பியே நிற்கிறது. குதிரைமசாலைத் தின்ன வீட்டில் மாடு இருக்க வேண்டும்.

பால் விலையும் பண்ணைக் கணக்கும்

அங்கே பால் விலை 100 பவுண்டுக்கு, அதாவது சுமார் 45 கிலோவுக்கு, டாலர் கணக்கில் பேசப்படுகிறது. 2014இல் 24 டாலரை எட்டிய விலை 2018இல் 16 டாலர் அளவுக்கு இறங்கியது. தீவனம், எந்திரம், வட்டி ஆகியவை அப்படி இறங்கவில்லை. ஒரு மாதம் ஊற்றிய பாலுக்கு முழு விலை என்ன என்பது ஊற்றிய பிறகே தெரியும். கணவன், மனைவி இருவரில் ஒருவர் வெளி வேலைக்குப் போய் அந்தச் சம்பளத்தில் மருத்துவக் காப்பீட்டைப் பெறுவது பல சிறு பண்ணைகளில் வழக்கமாகிவிட்டது. விஸ்கான்சினில் 2004இல் சுமார் 15,000 ஆக இருந்த பால் பண்ணைகள் 2023இல் 6,000க்கும் கீழே வந்தன. மாடுகளோ இன்னும் 12 லட்சத்துக்கு மேல். மாடு குறையவில்லை, மாடு வைத்திருப்பவர்தான் குறைந்தார். பெரும் பண்ணைக்குப் போன மாடு குன்றின் சரிவில் விளையும் தீவனத்தைத் தேடி வருவதில்லை. மாடு போன நிலத்தில் ஆண்டுதோறும் மக்காச்சோளம், சோயாமொச்சை என்று மாறினால், மண்ணை மூடி நிற்கும் பட்டை மறைகிறது.

2018 ஆகஸ்டு 27, 28 தேதிகளுக்கு இடைப்பட்ட இரவில் கொட்டிய மழையில், கூன் ஓடையிலும் கிக்கப்பூ ஆற்றின் மேற்குக் கிளையிலும் ஐந்து வெள்ளத் தடுப்பு அணைகள் உடைந்தன. அம்மழை எந்த நிலத்துக்கும் மிகையானதே; பழியை மக்காச்சோளத்தின் மீது மட்டும் போடுவது சரியாகாது. எனினும் மேட்டு நிலத்தில் எவ்வளவு நீர் உறிஞ்சப்படுகிறது என்ற கேள்வி அதற்குப் பின் அங்கே வலுத்தது.

கூட்டுறவின் கை

வெஸ்ட்பியின் கூட்டுறவுப் பாலகம் 1903 முதல் இயங்குகிறது. லா ஃபார்ஜ் ஊரில் 1988இல் ஒரு சில விவசாயிகள் காய்கறிக்காகத் தொடங்கிய சங்கம், விரைவில் இயற்கை வேளாண் பாலுக்கு வந்து, ‘ஆர்கானிக் வேலி’ என்ற பெயரில் நாடெங்கும் விற்கிறது. விலையை உறுப்பினர்களின் குழுவே முடிவு செய்கிறது. பால் மிஞ்சும்போது உறுப்பினருக்கு அளவு கட்டுவதும் உண்டு. 2017ஐ ஒட்டிச் சந்தையில் பால் மிஞ்சியபோது இச்சங்கமும் விலையைக் குறைக்க நேர்ந்தது; கூட்டுறவு என்பதால் நட்டம் வராது என்பதில்லை. ஆனால் இயற்கைப் பாலுக்கான அரசு விதிப்படி மாடு ஆண்டுக்குக் குறைந்தது 120 நாள் மேய வேண்டும். அக்காலத்தில் உலர் எடைக் கணக்கில் 30 விழுக்காடு தீவனம் மேய்ச்சலிலிருந்தே கிடைக்க வேண்டும். சரிவில் புல் நிற்பதற்கு இதைவிட உறுதியான காரணம் கிடைப்பது அரிது.

காஷ்டன் ஊரைச் சுற்றி 1966 முதல் குடியேறிய ஆமிஷ் மக்களின் வழி தனி. மின் இணைப்பின்றிப் பலர் கையால் கறந்து, கேன்களைக் குளிர்ந்த நீர்த்தொட்டியில் வைத்து, பாலாடைக்கட்டி ஆலைக்கு அனுப்புகின்றனர். முதலீடு குறைவு, கடனும் குறைவு. விலையும் சற்றுக் குறைவே.

கறவை மாட்டை விற்றவர்களிலும் சிலர் கிடேரிக் கன்றுகளையோ இறைச்சி மாடுகளையோ வளர்த்து, மேய்ச்சல் நிலத்தை உழாமல் வைத்திருக்கின்றனர். அதற்கு இருவேளை கறக்க வேண்டியதில்லை. மாதந்தோறும் வரும் பால் பணமும் இல்லை.