இன்னொரு நாயைக் கண்டால் இழுக்கும் இளம் நாய்: கயிற்றில் பழக்குவது எப்படி?

"குட்டியா இருந்தப்ப சொன்ன பேச்சைக் கேட்டுச்சு சார். இப்ப எட்டு மாசம் ஆகுது. வாசல்ல ஒழுங்கா நிக்குது. ரோட்டுல இன்னொரு நாயைப் பார்த்துட்டா கயித்தைப் பிடுங்கிக்கிட்டு ஓடுது."

பயிர் பார்க்க வயலுக்குப் போகும் இடங்களில் இந்தப் புலம்பலை அடிக்கடி கேட்கிறேன். நான் உழவியல் படித்தவன். கால்நடை மருத்துவன் அல்லன். ஆனாலும் இதைப் பற்றி எழுதக் காரணம் உண்டு. இதே தவறைச் செய்து அதற்கு விலையும் கொடுத்திருக்கிறேன்.

எங்கள் தோட்டக் காவலுக்கு ராஜபாளையம் கலப்பு நாய் ஒன்றை வளர்த்தோம். அதற்கு ஒன்பது மாதம் ஆனபோது ஒரு மாலை வாய்க்கால் கரையில் அழைத்துச் சென்றேன். கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றியிருந்தேன். எதிரே ஊர் நாய்கள் மூன்று வந்தன. ஒரே இழுப்பில் நான் குப்புற விழுந்தேன். பெல்ட்டின் கொக்கி கழன்றது. ஊர் நாய்களோடு சேர்ந்து ஓடிய எங்கள் நாய், பக்கத்துத் தோட்டத்து ஆட்டுப்பட்டியில் புகுந்தது. ஓர் ஆட்டுக்குட்டி செத்தது. குட்டிக்குரிய பணத்தைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்ட ஆட்டுக்காரர், "படிச்ச நீங்களே இப்படி விடலாமா?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை.

வீட்டுக்கு வந்து கோபத்தில் நாயை அடித்தேன். அது இரண்டாவது தவறு. அதன் பிறகு வேறு நாயைக் கண்டாலே உறும ஆரம்பித்தது.

வயது செய்யும் வேலை

ஏறத்தாழ ஆறு மாதம் முதல் ஒன்றரை வயது வரை நாய்க்கு விடலைப் பருவம். உடல் வளர்ந்துவிடும், அடக்கம் வளர்ந்திருக்காது. 2020-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் மற்றவர்களும் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். "உட்கார்" என்ற கட்டளைக்கு, ஐந்து மாத வயதில் கேட்ட அளவுக்கு எட்டு மாத வயதில் நாய்கள் தங்களை வளர்ப்பவர் பேச்சைக் கேட்கவில்லை. அதே நாய்கள் வேற்று ஆள் சொன்னால் கேட்டன. ஒரு வயதை எட்டும்போது நிலைமை சீரானது. ஆகவே உங்கள் நாய் கெட்டுப்போய்விட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். பூக்கும் பருவத்தில் தண்ணீர் தவறினால் மகசூல் போய்விடும் என்பது நமக்குத் தெரியும். நாய்க்கும் இது அப்படிப்பட்ட பருவம்தான். இப்போது படிவது, நல்லதோ கெட்டதோ, பிறகு எளிதில் மாறாது.

நாட்டு நாய் வளர்ப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் கொள்ளுங்கள். சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்துத் துரத்தி வேட்டையாடப் பழகிய இனங்கள். தூரத்தில் ஏதாவது அசைந்தாலே அவற்றின் கவனம் அங்கே போய்விடும்.

தொடங்கும் முன்

பெல்ட்டுக்கும் கழுத்துக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும். அதைவிடத் தளர்வாக இருந்தால் தலையை உருவிக்கொள்ளும். மெலிந்த தலையுடைய நாட்டு நாய்களுக்கு மார்பைச் சுற்றிப் போடும் பட்டை நல்லது. கொக்கியை ஒவ்வொரு நாளும் இழுத்துப் பாருங்கள். இரும்புச் சங்கிலி கட்டி வைக்க உதவும். நடை பழக்க உதவாது. ஆறடி நீளமுள்ள தடித்த பருத்திக் கயிறு போதும். கயிற்றின் நுனியில் வளையம் முடிந்து உள்ளங்கையால் பிடியுங்கள், மணிக்கட்டில் சுற்றாதீர்கள். சிறுவர்களிடம் கயிற்றைக் கொடுக்க வேண்டாம்.

வெறிநோய்த் தடுப்பூசியும் மற்ற தடுப்பூசிகளும் போட்டிருக்க வேண்டும். மற்ற நாய்களின் அருகே கொண்டுபோகும் முன் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். காது வலி, உண்ணித் தொல்லை இருந்தாலும் நாய் எரிச்சலாக இருக்கும்.

பரிசாகக் கொடுக்க, உப்பும் வெங்காயமும் சேர்க்காமல் வேகவைத்த கோழி ஈரலையோ முட்டையையோ கடலைப்பருப்பு அளவில் நறுக்கிக்கொள்ளுங்கள். பயிற்சியை சோறு போடும் முன் வையுங்கள். வயிறு நிறைந்த நாய்க்கு ஈரல் பெரிதல்ல. அதிகாலையும் அந்தியும் ஏற்ற நேரம். வெயிலில் சுடும் தார்ச்சாலை அதன் பாதத்தைப் புண்ணாக்கும்.

முதல் பாடம்: களத்து மேட்டில்

வேறு நாய் இல்லாத இடத்தில் தொடங்குங்கள். பெயர் சொல்லி ஒரே ஒரு முறை கூப்பிடுங்கள். முகத்தைப் பார்த்த அந்த நொடியே ஒரு துண்டு கொடுங்கள். தாமதித்தால் எதற்காகக் கொடுத்தீர்கள் என்பது அதற்குப் புரியாது.

பிறகு நடங்கள். கயிறு தொய்வாக இருக்கும்வரை நடை தொடரட்டும். சில அடிகளுக்கு ஒருமுறை காலருகே ஒரு துண்டு. கயிறு விறைத்தால் கல்தூண்போல் நின்றுவிடுங்கள். இழுக்கவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம். அது திரும்பிப் பார்த்துக் கயிறு தளர்ந்ததும் மறுபடி நடங்கள். இழுத்தால் நடை நின்றுபோகும், தளர்த்தினால் நடை கிடைக்கும் என்பதை நாயே கண்டுகொள்ளும். ஒரு தடவைக்குப் பத்து நிமிடம், நாளைக்கு இரண்டு தடவை போதும். வீட்டில் எல்லோரும் இதே முறையைப் பின்பற்ற வேண்டும். நீங்கள் நின்று, உங்கள் மகன் இழுத்த பக்கமெல்லாம் ஓடினால் பயிற்சி வீண்.

இரண்டாம் பாடம்: தூரம்தான் மருந்து

பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான். களத்தில் நன்றாக நடக்கிறதே என்று மறுநாளே கடைத்தெருவுக்குக் கொண்டுபோகிறோம். நாற்றங்காலில் விதை முளைத்ததும் பிடுங்கி நடுவதற்கு ஒப்பானது அது.

வேறு நாயைப் பார்க்க முடிகிற, ஆனால் உங்கள் குரலும் காதில் விழுகிற தூரம் ஒன்று ஒவ்வொரு நாய்க்கும் உண்டு. அதைக் கண்டுபிடிக்க ஈரல் துண்டே அளவுகோல். மற்ற நாயைப் பார்த்த பிறகும் துண்டை வாங்கித் தின்றால் தூரம் சரி. மூக்கருகே நீட்டியும் திரும்பாமல், வாய் மூடி, காது நிமிர்ந்து, உடல் விறைத்து நின்றால் மிக அருகே வந்துவிட்டீர்கள். அந்த நிலையில் எதைச் சொன்னாலும் ஏறாது. பத்துப் பதினைந்து அடி பின்வாங்குங்கள்.

பயிற்சிக்கு, கட்டிப்போட்ட அமைதியான நாய் ஒன்று வேண்டும். அறுவடை முடிந்த திறந்த வயல் நல்ல இடம். அறுபது எட்டு தள்ளி நின்று தொடங்குங்கள். உங்கள் நாய் அதைப் பார்த்ததும், குரைக்கும் முன்பே, பெயரைச் சொல்லுங்கள்; திரும்பினால் துண்டு. சில நாள்களில், அந்த நாயைப் பார்த்ததும் தானாகவே உங்கள் முகத்தைப் பார்க்கும். அதன் பிறகு நான்கைந்து எட்டு குறையுங்கள். ஒரு நாள் தடுமாறினால் பழைய தூரத்துக்கே திரும்புங்கள். அதில் நட்டம் எதுவும் இல்லை. நெருங்கும்போது நேருக்கு நேராகப் போகாமல் வளைந்து செல்லுங்கள். முகத்துக்கு முகம் வருவதை நாய்கள் மிரட்டலாக எடுத்துக்கொள்ளக்கூடும்.

அவிழ்ந்து திரியும் ஊர் நாய் எதிரே வந்தால் அதைப் பாடமாக்க வேண்டாம். கயிற்றை இறுக்காமல், உற்சாகமான குரலில் அழைத்தபடி வந்த வழியே திரும்பி நடங்கள். பின்தொடர்ந்தால் கையிலுள்ள துண்டுகளை அவற்றின் பக்கம் இறைத்துவிட்டு விலகுங்கள். கல்லெடுப்பதுபோல் குனிந்தாலே பல நாய்கள் ஒதுங்கிவிடும், எறிய வேண்டியதில்லை.

செய்யக் கூடாதவை

வேறு நாயைக் கண்டதும் கயிற்றைச் சுண்டி இழுப்பதும் அடிப்பதும் ஆபத்தானவை. "அந்த நாய் வந்தால் எனக்கு வலிக்கும்" என்றே உங்கள் நாய் புரிந்துகொள்ளும். அடுத்த முறை அது முந்திக்கொண்டு பாயும். என் நாய் உறுமத் தொடங்கியதற்கு நான் அடித்த அடிதான் காரணம்.

பகல் முழுவதும் கட்டியே வைக்காதீர்கள். அடைபட்ட சக்தி எல்லாம் அவிழ்க்கும் நேரத்தில் இழுப்பாக வெளிவரும். வேலியிட்ட இடத்தில் சிறிது நேரம் ஓடவிட்டு, பிறகு பழக்குங்கள். நாய்ச் சண்டை மூண்டால் கையை நடுவே விடாதீர்கள். வாளித் தண்ணீரை ஊற்றுங்கள். கடியோ கீறலோ பட்டால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தடுப்பூசி போட்ட நாய் கடித்தாலும் மருத்துவர் பார்க்க வேண்டும்.

களப்பணியாளர்களுக்கு ஒரு வார்த்தை: தடுப்பூசி முகாம்களில் இளம் நாய்களை ஒரே வரிசையில் நெருக்கி நிறுத்தாமல், தள்ளித்தள்ளி மர நிழலில் நிறுத்தி ஒவ்வொன்றாக அழையுங்கள். சண்டையும் கடியும் குறையும்.

இதற்கெல்லாம் எத்தனை நாள் ஆகும்? எங்களுக்கு நான்கு மாதம் ஆனது. பயிற்சிக்கு அமைதியான நாய் தேடியபோது, வேறு வழியின்றி அந்த ஆட்டுக்காரரிடமே போய்க் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தன் பட்டி நாயைப் பனைமரத்தடியில் கட்டிக் கொடுத்தார். அறுபது எட்டில் தொடங்கி ஐந்து எட்டுக்கு வந்தோம். இப்போது வாய்க்கால் கரையில் ஊர் நாய்கள் எதிர்ப்பட்டால் எங்கள் நாய் ஒருமுறை பார்க்கும். பிறகு என் முகத்தைப் பார்க்கும். ஆனாலும் ஆட்டுப்பட்டி ஓரம் போகும்போது இன்றும் கயிறு என் கையில்தான் இருக்கிறது. உங்கள் நாய் எவ்வளவு பழகியிருந்தாலும், அடுத்தவர் ஆடு மேயும் இடத்தில் கயிற்றை அவிழ்க்காதீர்கள்.

(கட்டுரையாளர், உழவியல் துறை விஞ்ஞானி)