அண்டாவைக் கழுவாதீங்க!

கல்யாண வீட்டில் பந்தி முடிந்து நாலு பேர் வாந்தி எடுத்தால், விவரமுள்ள பெரியவர் முதலில் போடும் சத்தம், "அண்டாவைக் கழுவாதீங்க!" என்பதுதான். அடியில் ஒட்டியிருக்கும் சாம்பார்தான் சாட்சி. சமைத்த மாஸ்டரே ருசி பார்த்து "நல்லாத்தானே இருக்கு" என்றால் எவரும் ஏற்கமாட்டார்கள். உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்து, மாதிரி எடுத்து, சீல் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். உக்கிராணத்திலிருந்து எடுத்தது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்ற கணக்கும் வெளியே வரும்.

போலீஸ் துப்பாக்கி வெடித்த பிறகு நடக்க வேண்டியதும் இதேதான்.

2022 ஜூலை 17 அன்று, சின்னசேலம் அருகே கனியாமூரில் மாணவி மரணத்துக்கு நீதி கேட்ட போராட்டம் கலவரமானது. பள்ளிப் பேருந்துகள் எரிந்தன. போலீசார் வானத்தை நோக்கிச் சுட்டார்கள். யார் மீதும் குண்டு படாவிட்டாலும் உக்கிராணக் கணக்கு உண்டு: கையெழுத்துப் போட்டு வாங்கிய தோட்டா இத்தனை, சுட்டது இத்தனை, பொறுக்கிய காலி உறை இத்தனை, சுடச் சொன்னவர் யார் என்ற அறிக்கை. (மேலே போன குண்டு எங்காவது கீழே வந்துதானே ஆக வேண்டும்? கூட்டத்தின் தலைக்கு மேல் சுடக்கூடாது என்று பல காவல் கையேடுகள் சொல்வது அதனால்தான்.)

உயிர் போனால் கதை வேறு. பி.யு.சி.எல். என்ற மனித உரிமை அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014 செப்டம்பர் 23 அன்று 16 நெறிமுறைகளை வகுத்தது. எஃப்.ஐ.ஆர். போட்டு நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். சுட்டவர்களின் ஸ்டேஷன் விசாரிக்கக் கூடாது, சி.ஐ.டி. அல்லது வேறு ஸ்டேஷன் குழு, மூத்த அதிகாரி ஒருவரின் மேற்பார்வையில் விசாரிக்கும். ரத்தம் படிந்த மண், கைரேகை, முடி எல்லாம் பத்திரப்படுத்தப்படும். சுட்டவர் துப்பாக்கியை ஒப்படைத்துவிட வேண்டும். அது தடயவியல் சோதனைக்குப் போகும். பிரேதப் பரிசோதனையை மருத்துவர் இருவர் செய்ய, வீடியோ ஓட வேண்டும். மாஜிஸ்திரேட் விசாரணை கட்டாயம், நம்மூரில் 'ஆர்.டி.ஓ. விசாரணை' என்பார்கள். தேசிய மனித உரிமை ஆணையத்துக்கோ மாநில ஆணையத்துக்கோ உடனே தகவல் போக வேண்டும். சம்பவம் நடந்த கையோடு பதவி உயர்வோ வீரப்பதக்கமோ தரக்கூடாது. எனக்கு இதுதான் மிக முக்கியமானதாகப் படுகிறது: விசாரணை முடியும் முன்னே மாஸ்டருக்குப் பொன்னாடை போர்த்திவிட்டால், பிறகு ஆய்வக முடிவை யார் படிப்பார்கள்?

இதெல்லாம் எழுதப்பட்டு ஏழு மாதம்கூட ஆகவில்லை. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று ஆந்திரப் போலீஸ் 20 பேரைச் சுட்டுக் கொன்றது. பெரும்பாலோர் திருவண்ணாமலை, தர்மபுரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். சின்னசேலம் பக்கமுள்ள கல்வராயன் மலையிலிருந்தும் ஆட்கள் கூலிக்காகப் போகும் அதே காடு அது. முதல் பிரேதப் பரிசோதனையை உறவினர்கள் நம்பவில்லை. நீதிமன்ற உத்தரவின்பேரில் ஆறு உடல்களுக்கு மறுபடியும் பரிசோதனை நடந்தது. முதல் தடவையே ஒழுங்காகச் செய்திருந்தால் ஏன் இந்த அலைச்சல்?

நெறிமுறை மீறப்பட்டதாகத் தெரிந்தால், இறந்தவரின் குடும்பம் அமர்வு நீதிபதியிடம் முறையிடலாம். ஆனால் அவர் சம்பவம் நடந்த ஊருக்குரிய நீதிபதியாக இருக்க வேண்டும். ஆந்திரக் காட்டில் குண்டு பாய்ந்தால், கல்வராயன் மலைக் குடும்பம் மனுவோடு ஆந்திராவுக்குத்தான் பஸ் ஏற வேண்டும்.