சர்வீஸில் இல்லாத பைப் எங்கே போகும்?



போன எபிசோட்ல, யாரும் கூப்பிடாத பழைய ஃபங்ஷன்களை அழிக்கலாமா, அப்படியே விடலாமான்னு ரொம்ப நேரம் சண்டை போட்டோம். ரெக்கார்டிங் முடிஞ்சு வீட்டுக்கு வரும்போது எனக்கு ஞாபகம் வந்தது ஒரு பைப். இந்த வாரம் அதைப் பற்றித்தான் எழுதப் போறேன். ஆலைப் பக்கமே போகாதவர்களும் தைரியமாகப் படிக்கலாம். நானும் கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆள்தான். இந்த வேலைக்கு வரும் வரை ஃபிளேஞ்ச் எது, வால்வு எது என்று கூடத் தெரியாது.

கால்கரியில் ஒரு இன்ஜினியரிங் கம்பெனியில் கான்ட்ராக்ட். ஒரு ஆலையின் லைன் லிஸ்ட்டைப் பழைய எக்செல் ஷீட்களிலிருந்து புது டேட்டாபேஸுக்கு மாற்றி, த்ரீடி மாடலோடு இணைக்க வேண்டும். லைன் லிஸ்ட் என்றால் ஆலையில் உள்ள ஒவ்வொரு பைப்புக்கும் ஒரு வரி: எண், எங்கிருந்து எங்கே போகிறது, உள்ளே என்ன ஓடுகிறது, எத்தனை இன்ச், என்ன அழுத்தம், என்ன வெப்பநிலை. கடைசியில் ஒரு ஸ்டேட்டஸ். சில வரிகளில் 'அவுட் ஆஃப் சர்வீஸ்' என்று இருந்தது. நம்ம ஆட்கள் என்ன பண்ணுவோமோ அதைத்தான் நானும் பண்ணேன். ஃபில்டர் போட்டுத் தூக்கிட்டேன். மாடல் சுத்தமாகத் தெரிந்தது, க்வெரியும் வேகமாக ஓடியது.

மறுநாள் எங்கள் பைப்பிங் லீட் ஸ்கிரீனைப் பார்த்தார். திருச்சிக்காரர். அங்கே பாய்லர் வேலையில் ஆரம்பித்து, வளைகுடா போய், அப்புறம் இங்கே வந்தவர்.

"தம்பி, இந்த பம்ப்புக்குப் பின்னாடி ஒரு நாலு இன்ச் லைன் இருக்கணுமே, எங்க?"

"அது சர்வீஸ்ல இல்லண்ணே. எடுத்துட்டேன்."

"யாரு எடுத்தா? வெல்டரா, நீயா?"

"நான்தான்... லிஸ்ட்லேர்ந்து."

"அப்ப பைப்பு அங்கேயேதான் நிக்குது."

குளிர்காலத்துக்கு முன்னால், எந்தெந்த இடத்தில் தண்ணீர் உறையக்கூடும் என்று பார்க்க ஆபரேட்டர்கள் ஒரு பட்டியலோடு ஆலையைச் சுற்றி நடப்பார்கள். அந்தப் பட்டியல் என்னுடைய டேபிளிலிருந்துதான் வரப் போகிறது என்று எனக்குத் தெரியாது. ஆல்பர்ட்டாவில் மைனஸ் 30 டிகிரி எல்லாம் வருஷா வருஷம் பார்ப்பதுதான். நான் ஃபில்டர் பண்ண பைப்புகள் எதையும் யாரும் போய்ப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அன்றைக்கு அவர் எனக்கு வகுப்பே எடுத்துவிட்டார். பைப்பிங் லேஅவுட் என்றால் பைப்பை ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குக் குறுக்கு வழியில் கொண்டுபோவது என்றுதான் நினைத்திருந்தேன். மாடல் 30, 60, 90 சதவீதம் முடியும்போது ரிவ்யூ நடக்கும். அதில் அவர் ஒவ்வொரு லைனையும் பார்த்து மூன்று கேள்வி கேட்பாராம். எங்கே தேங்கும்? எவ்வளவு நகரும்? யாருக்கு எட்டும்?

எங்கே தேங்கும்?

ஓடாத திரவம் தங்கும் பைப் துண்டுக்கு டெட் லெக் என்று பெயர். ஒரு முனை ஓடுகிற லைனோடு சேர்ந்திருக்கும், மறுமுனை மூடியிருக்கும். புரொப்பேனோ எண்ணெயோ எதுவாக இருந்தாலும், அதோடு கொஞ்சம் தண்ணீர் வரும். தண்ணீர் கனமானது என்பதால் தாழ்ந்த இடத்தில் போய் உட்காரும். ஒன்று, அங்கேயே இருந்து இரும்பை அரிக்கும். இல்லையென்றால் உறையும். உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும்.

இதற்கு அவர் சொன்ன உதாரணம் டெக்சாஸ் மாநிலத்தில் சன்ரே ஊருக்குப் பக்கத்தில் உள்ள மெக்கீ சுத்திகரிப்பு ஆலை. 2007 பிப்ரவரி 16. அங்கே, கனமான எண்ணெயிலிருந்து தாரைப் பிரிக்க புரொப்பேனைக் கரைப்பானாகப் பயன்படுத்தும் யூனிட் ஒன்று. அதில் ஒரு கன்ட்ரோல் ஸ்டேஷன், அதாவது வால்வுகளோடு கூடிய ஒரு பைப் தொகுதி, சுமார் 15 வருஷமாகப் பயன்பாட்டில் இல்லை. கழற்றவில்லை, தடுப்புத் தகடும் போடவில்லை. வால்வை மூடி வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். அந்த வால்வின் கேட்டுக்கு அடியில் ஏதோ ஒரு உலோகத் துண்டு மாட்டியிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் வால்வு மூடியிருந்தது, ஆனால் உள்ளே கசிந்துகொண்டிருந்தது. புரொப்பேனோடு வந்த தண்ணீர் அந்தப் பக்கத்துத் தாழ்வில் சேர்ந்தது. கடுங்குளிரில் உறைந்து, ஒரு எல்போவில் விரிசல் விட்டது.

விரிசல் விட்டபோது ஒன்றும் நடக்கவில்லை, ஏனென்றால் ஐஸே அடைப்பாக இருந்தது. வெயில் வந்து ஐஸ் உருகியபோதுதான் அதிக அழுத்தத்தில் புரொப்பேன் பீறிட்டு வந்து தீப்பிடித்தது. 3 பேருக்குக் கடுமையான தீக்காயம். நல்லவேளை, யாரும் சாகவில்லை. ஆலை ஏறக்குறைய 2 மாதம் மூடிக் கிடந்தது. அமெரிக்காவின் கெமிக்கல் சேஃப்டி போர்டு இதை முழுசாக விசாரித்து அறிக்கை வெளியிட்டிருக்கிறது.

லேஅவுட்டில் இதைத் தவிர்க்கும் வழிகள் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. வேண்டாத லைனை மெயின் பைப் வரைக்கும் வெட்டி எடுக்க வேண்டும். எடுக்க முடியாவிட்டால், மெயினுக்குப் பக்கத்திலேயே ஃபிளேஞ்சுக்கு நடுவில் பிளைண்ட் எனும் கெட்டித் தகடு போட வேண்டும். கிளை லைனை மெயினின் அடியிலிருந்து எடுக்காமல் மேலிருந்து எடுத்தால் தண்ணீரும் வண்டலும் அதற்குள் இறங்காது. தாழ்ந்த இடத்தில் டிரெய்ன், உயர்ந்த இடத்தில் வென்ட். ஸ்டாண்ட்பை பம்ப் மாதிரி சும்மா நின்றே ஆக வேண்டிய லைன்களும் உண்டு. அங்கே வால்வை மெயினுக்கு நெருக்கமாக வைத்தால் தேங்கும் நீளம் குறையும்.

இதில் எனக்குப் பிடித்தது ஸ்பெக்டக்கிள் பிளைண்ட். மூக்குக்கண்ணாடி மாதிரி இருக்கும். ஒரு வட்டம் ஓட்டை, இன்னொரு வட்டம் கெட்டித் தகடு. ஓட்டை வட்டம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் லைன் அடைபட்டிருக்கிறது என்று அர்த்தம். லாக் ஃபைலைத் திறக்க வேண்டாம், யாரையும் கேட்க வேண்டாம், தூரத்திலிருந்து பார்த்தாலே போதும். நம்ம ஃபீச்சர் ஃபிளாக் எதுவும் இவ்வளவு நேர்மையாக இருந்து நான் பார்த்ததில்லை.

எவ்வளவு நகரும்?

இரும்பு சூடானால் நீளும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். கார்பன் ஸ்டீல் 100 டிகிரி செல்சியஸ் சூடேறினால் மீட்டருக்கு சுமார் 1.2 மில்லிமீட்டர் நீளும். கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கிறது. 50 மீட்டர் லைன் 200 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 12 சென்டிமீட்டர். இரண்டு முனையையும் நகர விடாமல் பிடித்து வைத்தால் பம்ப்பின் வாயையோ கலனின் வாயையோ அது நெட்டித் தள்ளிவிடும். பைப் ரேக்கில் நேராகப் போகிற லைன் திடீரென்று பக்கவாட்டில் 'ப' மாதிரி வளைந்து திரும்ப வருவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த எக்ஸ்பான்ஷன் லூப் நீளுவதை வாங்கிக்கொள்ளத்தான். சூடான லைன்களை ரேக்கின் ஓரத்தில் வரிசையாக வைப்பதும், லூப்புகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கலாம் என்பதற்காகத்தான்.

பைப்பின் வடிவத்தை மாற்றினால் அதன் மேல் விழும் விசையும் மாறும். இதைக் கணக்குப் போடாமல் விட்டதற்கு இங்கிலாந்தின் ஃபிளிக்ஸ்பரோ ஆலை சாட்சி. 6 ரியாக்டர்கள், படிக்கட்டு மாதிரி ஒன்றைவிட ஒன்று தாழ்வாக. 1974 மார்ச்சில் 5-ஆவது ரியாக்டரில் விரிசல் தெரிந்தது. அதைக் கழற்றிவிட்டு, 4-ஐயும் 6-ஐயும் 20 இன்ச் பைப்பால் இணைத்தார்கள். இரண்டு மட்டமும் வேறு என்பதால் பைப்பை நடுவில் வளைத்து ஒட்ட வேண்டியிருந்தது. இரண்டு முனையிலும் 28 இன்ச் பெல்லோஸ். அந்த பைப்பின் வரைபடம், ஒர்க்ஷாப் தரையில் சாக்பீஸால் போட்டதுதான். தாங்கலுக்கு சாரக்கட்டுக் கம்பி. உள்ளே சுமார் 8 மடங்கு வளிமண்டல அழுத்தம். பெல்லோஸ் முனையில் அது 30 டன்னுக்கு மேல் தள்ளும். இரண்டு முனையும் வேறு வேறு மட்டத்தில் இருந்ததால் அந்தத் தள்ளல் பைப்பை முறுக்கப் பார்க்கும். அந்தக் கணக்கை யாரும் போடவில்லை.

இரண்டு மாதம் ஓடியது. ஜூன் 1, சனிக்கிழமை மாலை உடைந்தது. 28 பேர் இறந்தார்கள், அதில் 18 பேர் கன்ட்ரோல் ரூமில் இருந்தவர்கள். வேலைநாளாக இருந்திருந்தால் நினைத்தே பார்க்க முடியாது. "தற்காலிகம்" என்று சொல்லிச் செய்கிற மாற்றத்துக்கும் முழு ரிவ்யூ வேண்டும் என்று ஆலைகளில் இன்றைக்கும் பாடம் எடுக்கும்போது இந்தக் கதையைத்தான் சொல்கிறார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஹாட்ஃபிக்ஸ் போடுகிறவர்கள் இந்தப் பத்தியை இன்னொரு தடவை படிக்கவும்.

யாருக்கு எட்டும்?

வால்வின் கைச்சக்கரம் நெஞ்சு உயரத்துக்குள் இருக்கிறதா, அதைத் திருப்ப முழங்கைக்கு இடம் இருக்கிறதா, நடைபாதையில் தலை இடிக்காமல் போகலாமா என்று மாடலில் ஒரு மனிதப் பொம்மையை நிறுத்திப் பார்ப்போம். எங்கள் லீட் அதற்கு மேல் ஒன்று கேட்பார். "தீப்பிடிச்சிருக்கும்போது இந்த வால்வு கிட்ட போக முடியுமா?"

மெக்கீயில் முடியவில்லை. காற்று தீயை எந்தப் பக்கம் தள்ளியதோ, மூட வேண்டிய வால்வுகள் அந்தப் பக்கம். தூரத்திலிருந்து மூடக்கூடிய வால்வு அந்த இடத்தில் கிடையாது. புரொப்பேனை நிறுத்த முடியாததால் தீ வளர்ந்தது. பக்கத்துப் பைப் ரேக்கின் சில தூண்களுக்குத் தீத்தடுப்புப் பூச்சு இல்லை. ஸ்டீல் சூட்டில் தளர்ந்து ரேக் சரிந்தது. அதன் மேல் போன மற்ற லைன்களும் உடைந்து தீக்கு மேலும் தீனி போட்டன. ஆக, அந்த எல்போவைத் தாண்டி நடந்த சேதமெல்லாம் எது எதற்குப் பக்கத்தில் இருந்தது என்பதால் வந்ததுதான்.

வயிறு கலக்கும் தகவல் ஒன்று உண்டு. ஆலை வேறு உரிமையாளரிடம் இருந்தபோது, 1996-இல் நடந்த ஆபத்து ஆய்விலேயே அந்த யூனிட்டுக்கு தூரக் கட்டுப்பாட்டு வால்வு வேண்டும் என்று பரிந்துரைத்திருந்தார்கள். பதிவேட்டில் அது முடிந்ததாகக் குறிக்கப்பட்டது. வால்வு மட்டும் வரவில்லை. வேலை செய்யாமலே டிக்கெட்டை குளோஸ் பண்ற பழக்கம் நம்ம துறையில் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

திரும்ப என் ஃபில்டருக்கு

நம்ம துறையிலும் இந்தக் கதை நடந்திருக்கிறது. 2012 ஆகஸ்ட் 1, நைட் கேப்பிடல் என்ற பங்குவர்த்தக நிறுவனம். 2003-க்குப் பிறகு பயன்படுத்தாத ஒரு பழைய ஃபங்ஷன் அவர்கள் சர்வரில் அழிக்கப்படாமல் இருந்தது. புது வசதிக்கு அதே பழைய ஃபிளாக்கைப் பயன்படுத்தினார்கள். 8 சர்வரில் ஒன்றுக்கு மட்டும் புது நிரல் போய்ச் சேரவில்லை. சந்தை திறந்ததும் பழையது விழித்துக்கொண்டது. சுமார் 45 நிமிடத்தில் நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல். அதுவும் ஒரு டெட் லெக்தான், வால்வு மட்டும் மூடியிருந்தது.

என் விஷயத்தில் என்ன நடந்தது என்றால், ஃபில்டரை எடுத்தேன். 'அவுட் ஆஃப் சர்வீஸ்' என்ற ஒரே ஸ்டேட்டஸை மூன்றாகப் பிரித்தேன்: கழற்றியாயிற்று, பிளைண்ட் போட்டாயிற்று, வால்வு மட்டும் மூடியிருக்கிறது. எந்த லைன் எந்த வகை என்று டேட்டாவில் இல்லை. சைட்டில் இருந்தவர்கள் நடந்து போய்ப் பார்த்து, போட்டோ எடுத்து அனுப்பினார்கள். நிஜமாகவே கழற்றியதும் இருந்தது. வால்வு மட்டும் மூடி, அடியில் டிரெய்ன்கூட இல்லாமல் நின்றதும் இருந்தது. மூன்றாவது வகை எல்லாம் மாடலில் இப்போது சிவப்பில் தெரிகிறது, உறைவுப் பட்டியலிலும் தானாக முதலில் வருகிறது. பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கிறது. லீட் மட்டும் ஸ்கிரீனைப் பார்த்துவிட்டு, "இப்பதான்டா பிளான்ட் மாதிரி இருக்கு" என்றார்.

போன எபிசோட் சண்டைக்கு என் பதில்: அழிப்பதென்றால் மெயின் வரைக்கும் வெட்டி எடுங்க. முடியாதென்றால் பிளைண்ட் போட்டு, தூரத்திலிருந்து பார்த்தாலே தெரிகிற மாதிரி வையுங்க. வால்வை மூடிட்டு மறந்துடாதீங்க.

ரிஃபைனரி, உரம், மின்நிலையம் என்று எங்கேயாவது வேலை பார்க்கிறவர்கள் இந்த மெயிலுக்கே ரிப்ளை பண்ணுங்க. உங்கள் ஆலையில் வருஷக்கணக்காக சும்மா நிற்கும் பைப் கதை ஏதாவது இருந்தால் அடுத்த எபிசோடில் படிக்கிறோம். கம்பெனி பேர் வேண்டாம், கதை போதும்.