மன்னிக்கவும், கேபிள் கோளாறு!

ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவியைப் போட்டால் ஏதாவது ஒரு சேனலில் பிரசங்கம் ஓடிக்கொண்டிருக்கும். இதைத் ‘தொலைக்காட்சி ஊழியம்’ என்று சபைகள் சொல்கின்றன. அமெரிக்காவில் ஒரு சபை இதற்கு நேர்மாறான ஊழியம் ஒன்றைச் செய்தது. டிவியில் தோன்றிப் பேசுவதை விட்டுவிட்டு, டிவி முன் ஆட்களை உட்கார வைத்தது. யாரைக் காட்டுகிறார்கள், யாரை மறைக்கிறார்கள் என்று ஒரு வாரம் நோட்டில் எழுத வைத்தது. அந்த நோட்டுதான் ஒரு தொலைக்காட்சி நிலையத்தின் உரிமம் பறிபோகக் காரணமானது.

மிசிசிபி மாநிலத்தின் தலைநகர் ஜாக்சன். அங்கே 1953இல் தொடங்கிய நிலையம் டபிள்யூ.எல்.பி.டி. ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொந்தமானது. அதன் ஒளிபரப்பு சென்றடைந்த பகுதியில் நூற்றுக்கு 45 பேர் கறுப்பினத்தவர். ஆனால், திரையில் அவர்களுக்கு இடமில்லை. நிலையத்தின் மேலாளரோ, நிறப் பிரிவினையைக் காப்பாற்றவென்றே அமைக்கப்பட்ட வெள்ளையர் மன்றத்தின் உறுப்பினர்.

1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பள்ளிகளில் நிறம் பார்த்துப் பிள்ளைகளைப் பிரிப்பது செல்லாது என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கை நடத்தி வென்ற கறுப்பின வழக்கறிஞர் தர்குட் மார்ஷல். மறு ஆண்டு நாடு முழுவதும் ஒளிபரப்பான ஒரு நிகழ்ச்சியில் அவர் பேசினார். ஜாக்சனில் மட்டும் படம் நின்றுபோனது. ‘மன்னிக்கவும், கேபிள் கோளாறு’ என்ற அறிவிப்பு திரையில் வந்தது. கேபிளில் எந்தக் கோளாறும் இல்லை. வேண்டுமென்றேதான் நிறுத்தினார்கள் என்று அரசின் ஒளிபரப்பு ஆணையத்துக்குப் புகார் போனது.

1957இல் நிறப் பிரிவினை தொடர வேண்டும் என்று வாதிடும் நிகழ்ச்சியை அந்த நிலையம் ஒளிபரப்பியது. எதிர்த்தரப்பு நேரம் கேட்டபோது கொடுக்கவில்லை. 1962இல் ராபர்ட் ஸ்மித் என்ற கறுப்பினப் போதகர் அமெரிக்க நாடாளுமன்றத் தேர்தலில் நின்றார். மளிகைக் கடை நடத்தி வந்தவர். காசு கொடுத்துப் பிரசார நேரம் வாங்க அவர் போனபோது முதலில் மறுத்துவிட்டார்கள். பல இடங்களுக்கு முறையிட்ட பிறகே நேரம் கிடைத்தது.

பதினேழு நிமிடங்கள்

கறுப்பினத்தவர் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தின் மிசிசிபி செயலாளர் மெட்கர் எவர்ஸ். நகர மேயர் டிவியில் பேசியதற்குப் பதில் சொல்லத் தனக்கும் நேரம் வேண்டும் என்று விடாமல் கேட்டார். 1963 மே 20ஆம் தேதி அவருக்கு 17 நிமிடங்கள் கிடைத்தன. ஜாக்சனில் கறுப்பினத்தவர் என்ன நிலையில் வாழ்கிறார்கள் என்பதை ஒரு கறுப்பினத் தலைவர் தன் வாயால் சொல்ல, ஊரே கேட்டது. ஜூன் 12ஆம் தேதி நள்ளிரவு கடந்த நேரத்தில், வீட்டு வாசலில் காரைவிட்டு இறங்கியபோது எவர்ஸைச் சுட்டுக் கொன்றார்கள். டிவியில் பேசி மூன்று வாரம் முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது.

அதே ஆண்டு, நகரின் ஓரத்தில் உள்ள டூகலூ கல்லூரியின் கறுப்பின மாணவர்கள் ஞாயிறு ஆராதனைக்காக வெள்ளையர் ஆலயங்களின் படியேறினார்கள். பல ஆலயங்கள் வாசலிலேயே தடுத்தன. சிலரைப் போலீஸ் கைது செய்தது. ஒரே வேதம், ஒரே ஞானஸ்நானம். ஆனாலும் உள்ளே வராதே என்றார்கள். ஆலய நுழைவுக்காகப் போராடிய நம் ஊர்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை.

நோட்டும் பேனாவும்

கிறிஸ்துவின் ஐக்கிய சபை என்ற திருச்சபைப் பிரிவின் தகவல் தொடர்பு அலுவலகத்தை நடத்தியவர் எவரெட் பார்க்கர். வெள்ளையரான போதகர். சபைக்காக டிவி நிகழ்ச்சிகளைத் தயாரித்தவர். தென் மாநிலங்களின் நிலையங்கள் கறுப்பினத்தவரை நடத்தும் விதத்தை மாற்ற வேண்டும் என்று மார்ட்டின் லூதர் கிங்கின் இயக்கத்தினர் அவரிடம் கேட்டுக்கொண்டார்கள்.

வெறும் புகார்க் கடிதத்தை ஆணையம் குப்பையில் போட்டுவிடும் என்பது பார்க்கருக்குத் தெரியும். அதனால் ஆதாரம் திரட்டினார். 1964 மார்ச் முதல் வாரம், ஜாக்சனில் சில வீடுகளில் தன்னார்வலர்கள் டிவி முன் உட்கார்ந்தார்கள். காலை முதல் இரவு வரை ஒவ்வொரு நிகழ்ச்சியையும் குறித்தார்கள். யார் வந்தார், எவ்வளவு நேரம் வந்தார், எப்படிக் குறிப்பிடப்பட்டார் என்பதே கணக்கு. வெளியே தெரிந்தால் உயிருக்கு ஆபத்து என்பதால் அவர்களின் பெயர்கள் ரகசியமாக வைக்கப்பட்டன.

அந்நாளில் அங்கே கறுப்பினப் பெரியவரைக்கூட மிஸ்டர், மிசஸ் சேர்த்து அழைக்கமாட்டார்கள். வெறும் பெயர்தான். நம் ஊரில் தாத்தா வயதுக்காரரைச் சின்னப் பையன் ‘வாடா’ என்பதைப் போல. கறுப்பினத்தவர் திரையில் வருவதே அரிது, வந்தாலும் மரியாதை இல்லை என்பதை அந்த ஒரு வாரக் கணக்கு எடுத்துக்காட்டியது.

உரிமத்தைப் புதுப்பிக்கக் கூடாது என்று ஏப்ரலில் மனு போட்டார்கள். பார்க்கரின் அலுவலகத்துடன் கையெழுத்திட்டவர்கள் மூன்று தரப்பினர். ஒருவர் நேரம் மறுக்கப்பட்ட அதே போதகர் ஸ்மித். இன்னொருவர் உரிமைப் போராட்டத் தலைவர் ஆரோன் ஹென்றி. மூன்றாவது, டூகலூவில் இருந்த ஐக்கிய சபை. பிரசங்க நேரம் வாங்க வசதியில்லாத ஒரு சிறு சபை, உரிமத்தையே எதிர்த்து நின்றது.

பார்ப்பவருக்கு உரிமை உண்டா?

மனுப் போட நீங்கள் யார் என்று ஆணையம் கேட்டது. போட்டி நிலையக்காரரோ, பண நஷ்டம் அடைந்தவரோதான் எதிர்க்க முடியும், டிவி பார்ப்பவருக்கு அந்த உரிமை இல்லை என்றது. விசாரணை இல்லாமலே 1965இல் ஓராண்டுக்கு உரிமம் தந்தது.

சபை நீதிமன்றம் போனது. 1966 மார்ச் 25ஆம் தேதி நீதிபதி வாரன் பர்கர் எழுதிய தீர்ப்பு, நேயர்களுக்கும் வழக்காடும் உரிமை உண்டு என்றது. அதன் பிறகு விசாரணை நடந்தது. ஆனாலும் 1968இல் ஆணையம் மீண்டும் உரிமம் கொடுத்தது. சபை விடவில்லை. 1969 ஜூன் 20ஆம் தேதி அதே பர்கர், பொதுமக்களை எதிரிகளைப் போல நடத்தியிருக்கிறீர்கள் என்று ஆணையத்தைக் கண்டித்து உரிமத்தை ரத்து செய்தார்.

1971இல் இரு இனத்தாரும் சேர்ந்த, லாப நோக்கமற்ற அமைப்பு அந்த நிலையத்தை நடத்தத் தொடங்கியது. 1972இல் வில்லியம் டில்டே என்ற கறுப்பினத்தவர் பொது மேலாளரானார். பின்னாளில், கறுப்பினத்தவர் பெரும்பங்கு வைத்திருந்த நிறுவனத்துக்கு உரிமம் போனது. அதன் தலைவர், மனுவில் கையெழுத்திட்ட ஆரோன் ஹென்றி. ‘கேபிள் கோளாறு’ சரியாகக் கால் நூற்றாண்டு ஆனது.

நமக்கு என்ன?

பத்திரிகைகளில் இடம் கிடைக்காதபோது நம் முன்னோர் சொந்தமாகப் பத்திரிகை நடத்தினார்கள். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ கொண்டுவந்தார். அம்பேத்கர் 1920இல் ‘மூக்நாயக்’ தொடங்கினார். அந்தப் பெயருக்கே ஊமைகளின் தலைவன் என்று பொருள். அச்சு இயந்திரமும் காகிதமும் இருந்தால் பத்திரிகை நடத்தலாம். ஒளிபரப்பு அப்படியல்ல. அலைவரிசைக்கு அரசின் உரிமம் வேண்டும். பொதுச் சொத்தைப் பயன்படுத்துகிறவர் பொதுமக்களுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதுதான் டூகலூ சபையின் வாதம். அலைவரிசை பொதுச் சொத்து என்று நம் உச்ச நீதிமன்றமும் 1995இல் சொல்லியிருக்கிறது.

1946இல் அம்பேத்கர், அமெரிக்கக் கறுப்பினச் சிந்தனையாளர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். அங்குள்ள கறுப்பினத்தவர் ஐ.நா.வுக்குத் தயாரித்த மனுவின் பிரதியைக் கேட்டார். அவர்களின் போராட்ட முறையிலிருந்து கற்றுக்கொள்ள நமக்கு நிறைய உண்டு என்று அவர் அறிந்திருந்தார்.

ஜாக்சன் கற்றுத்தரும் முறைக்குப் பெரிய செலவில்லை. கல்லூரி மாணவர்கள் நான்கு பேர் சேர்ந்து, ஒரு வாரம், ஒரு சேனலின் செய்தியையும் விவாதத்தையும் பார்த்து எழுதலாம். நம் தெரு எத்தனை முறை வந்தது? கொலை, கலவரம் தவிர வேறு எதற்காவது வந்ததா? நம்மைப் பற்றிப் பேசும் விவாதத்தில் நம்மவர் யாராவது உட்கார்ந்திருந்தாரா? நம் பெரியவர்களை ‘அவர்’ என்றார்களா, ‘அவன்’ என்றார்களா? தேதியும் நேரமும் போட்டு எழுதுங்கள். கோபத்தை மறுத்துவிடலாம், கணக்கை மறுப்பது கடினம்.