மலேரியா: பெயரில் காற்று, பிழை கொசுவிடம்

இத்தாலிய வேர்

மலேரியா என்ற சொல்லை ஆங்கிலம் இத்தாலிய மொழியிலிருந்து எடுத்துக்கொண்டது. 'மாலா' என்றால் கெட்ட, 'ஆரியா' என்றால் காற்று. ரோம் நகரைச் சுற்றிய சதுப்பு நிலங்களில் கோடைதோறும் காய்ச்சல் பரவும். அழுகும் சேற்றிலிருந்து எழும் நச்சாவிதான் ஆளைக் கொல்கிறது என்று அங்கே நம்பினார்கள். 1740இல் ரோமில் தங்கியிருந்த ஆங்கில எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் தம் கடிதமொன்றில் இச்சொல்லைக் கையாண்டார். அப்போது அது குறித்தது காற்றை. நோயின் பெயராக அது நிலைத்தது பிறகுதான். அதற்கு முன் ஆங்கிலேயர் இந்தக் காய்ச்சலை 'ஏகியூ' என்றார்கள். கடுமையானது என்று பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது அது. பிரெஞ்சுக்காரர்களோ சதுப்பைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து 'பலுதிஸ்ம்' என்று பெயர் வைத்தார்கள்.

பாதி சரியான பிழை

சதுப்பை வடித்தால் காய்ச்சல் குறைந்தது. அதனால் காற்றுக் கொள்கை மெய் போலவே தோன்றியது. உண்மையில் நீரோடு போனது கொசுப் புழு. 1880இல் அல்ஜீரியாவில் பிரெஞ்சு மருத்துவர் லாவெரான் நோயாளியின் இரத்தத்தில் ஒட்டுண்ணியைக் கண்டார். 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் மருத்துவர் ரொனால்ட் ராஸ் அதைக் கொசுவின் இரைப்பைச் சுவரில் கண்டார். காற்றுக் கொள்கை வீழ்ந்தது. பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை.

தமிழில் இந்த நோய்க்குக் குளிர்காய்ச்சல், முறைக்காய்ச்சல் என்று பெயர். காரணம் எதையும் சொல்லாமல், நடுக்கத்தையும் முறைவைத்து வருவதையும் மட்டும் சொன்னதால் இப்பெயர்கள் பொய்க்கவில்லை. மலேரியா ஒட்டுண்ணிகளில் ஒன்றான வைவாக்ஸ் வகையில் காய்ச்சல் பெரும்பாலும் 48 மணி நேரத்துக்கு ஒருமுறை, அதாவது ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். தொடக்க நாட்களில் இந்த முறை தெரியாமலும் போகலாம்.

நாற்றமில்லாத நீர்

பெயரை நம்பிச் சாக்கடையை மட்டும் பார்ப்பது ஆபத்து. நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலஸ் ஸ்டீபன்சி கொசு பெரும்பாலும் மொட்டைமாடித் தொட்டி, கிணறு போன்றவற்றின் தெளிந்த நீரில் முட்டையிடும். தொட்டியின் மூடி இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும். அனோபிலஸ் கொசு அந்தி முதல் விடியல் வரை கடிக்கும் என்பதால் படுக்கைக்குக் கொசுவலை அவசியம்.

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் கண்டால் உடனே இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். ஃபால்சிபாரம் என்னும் மற்றொரு ஒட்டுண்ணி வகை மூளையைத் தாக்கி உயிரைப் பறிக்கக்கூடியது. வைவாக்ஸ் ஒட்டுண்ணி கல்லீரலில் பதுங்கியிருந்து, மாதங்கள் கழித்தும் மறுபடி தலைகாட்டும். காய்ச்சல் விட்டதும் மாத்திரையைப் பாதியில் நிறுத்துவோருக்கு அது திரும்ப வருவது இப்படித்தான்.