ரஞ்சிக் கோப்பையும் நம் விடுதி வழக்கும்

இரவு உணவு முடிந்து விடுதித் தாழ்வாரத்தில் நாலுபேர் கூடினால் போதும், வழக்கு தொடங்கிவிடும். "கர்நாடகம் ரஞ்சிக் கோப்பையை எட்டுமுறை வென்றிருக்கிறது. உங்கள் தமிழ்நாடு வென்றது எத்தனை? இரண்டே இரண்டு!" என்பார் ஒரு நண்பர். "முதல் ரஞ்சி ஆட்டத்திலேயே உங்களை ஒரே நாளில் மண்ணைக் கவ்வ வைத்தது யார்?" என்று பாய்வார் மற்றொருவர். இருவரும் தமிழரே. ஒருவர் மதுரையிலிருந்து படிக்க வந்தவர். மற்றவர் அல்சூரில் பிறந்து, பாட்டன் காலத்திலிருந்தே பெங்களூரைத் தம் ஊராகக் கொண்டவர்.

விளையாட்டுப் பேச்சு விளையாட்டாகவே இருந்தால் இக்கட்டுரைக்குத் தேவை இராது. ஆனால், ஒருநாள் இப்பேச்சின் நடுவே, "தமிழனாய்ப் பிறந்து கர்நாடகத்துக்குக் கைதட்டுகிறாயே, வெட்கமில்லையா?" என்ற சொல் எழுந்தது. அதன்பின் இரண்டு நண்பர்கள் ஒரே மேசையில் உண்பதில்லை. ஆகவே இவ்வழக்கைச் சற்று நிதானமாக ஆராய்ந்து பார்ப்பது நன்று எனத் தோன்றியது. வழக்கில் மூன்று கேள்விகள் கலந்து கிடக்கின்றன. எந்தக் காலத்தைப் பேசுகிறோம்? எந்த விதியின்படி கிடைத்த வெற்றியைப் பேசுகிறோம்? எந்தக் கோப்பையைப் பேசுகிறோம்? இவற்றைப் பிரித்து வைத்துவிட்டால் பாதிச் சண்டை தானே தீர்ந்துவிடும்.

தொடக்கம் யாருக்கு?

ரஞ்சிப் போட்டியின் முதல் ஆட்டம் 1934ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் சேப்பாக்கத்தில் நடந்தது. மோதியவை வேறு எவையும் அல்ல, சென்னையும் மைசூருமே. மைசூர் 48 ஓட்டங்களில் சுருண்டது. சென்னை 130 எடுத்தது. மைசூர் மீண்டும் ஆடி 59 ஓட்டங்களில் வீழ்ந்தது. ஓர் இன்னிங்ஸ், 23 ஓட்டங்கள் என்ற கணக்கில் சென்னைக்கு வெற்றி. பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது! ஏ. ஜி. ராம்சிங் 35 ஓட்டங்களே கொடுத்து 11 விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஆக, இந்த வழக்கு நேற்று முளைத்தது அன்று. ரஞ்சிக் கோப்பை எவ்வளவு பழையதோ அவ்வளவு பழையது.

அந்நாளில் போட்டியின் அமைப்பு வேறு. நாடு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. சென்னை, மைசூர், ஐதராபாத் ஆகிய மூன்றும் தென்மண்டலத்தைச் சேர்ந்தவை. மண்டலத்தில் முதலிடம் பெற்ற ஓர் அணி மட்டுமே அடுத்த கட்டத்திற்குச் செல்லும். ஒரே வீட்டில் மூன்று வல்லவர்கள் இருந்தாலும் வாயில் ஒருவருக்கே திறக்கும். 1970-71ஆம் பருவத்தில்தான் மண்டலத்துக்கு இரண்டு அணிகள் என்ற விதி வந்தது. 1992-93இல் அது மூன்றாயிற்று. 2002-03இல் மண்டல முறையே நீங்கியது.

இதை மனத்தில் கொண்டு கணக்கைப் பாருங்கள். ஒரே வாயில் இருந்த அந்தக் காலத்தில் சென்னை நான்குமுறை இறுதி ஆட்டத்தை எட்டியது. 1935-36இல் பம்பாயிடமும், 1940-41இல் மகாராஷ்டிரத்திடமும், 1967-68இல் மீண்டும் பம்பாயிடமும் தோற்றது. 1954-55இல் இந்தூரில் வலிமைமிக்க ஹோல்கார் அணியை 46 ஓட்டங்களில் வென்று, பாலு அழகண்ணன் தலைமையில் கோப்பையைக் கைக்கொண்டது. மைசூர் இறுதிக்குச் சென்றது இரண்டே முறை, 1941-42, 1959-60. இரண்டிலும் பம்பாய் அதனை இன்னிங்ஸ் கணக்கில் முறியடித்தது. எனவே, "முன்னாளில் நாங்களே மேல்" என்று மதுரை நண்பர் சொல்வது பொய்யன்று.

திருப்பம்

ஆனால் காலம் ஒருவர் பக்கமே நிற்பதில்லை. 1972-73இல் தமிழ்நாடு தன் சொந்தச் சேப்பாக்கத்தில் இறுதி ஆட்டம் ஆடியது. எதிரி, தொடர்ந்து பதினான்கு முறை கோப்பையை வென்றிருந்த பம்பாய். அந்தப் பம்பாயையே 151, 113 என்ற சிறு எண்களில் நம்மவர் அடக்கிவிட்டனர். இதைவிட நல்ல வாய்ப்பு யாருக்குக் கிடைக்கும்? ஆனால் பத்மாகர் ஷிவால்கரின் சுழலை எதிர்கொள்ள நம் மட்டைக்காரர்களால் இயலவில்லை. அவர் 13 விக்கெட்டுகளை எடுத்தார். தமிழ்நாடு 80, 61. மூன்றாம் நாள் முதல் பந்தோடு ஆட்டம் முடிந்தது. பம்பாய்க்குப் பதினைந்தாவது தொடர் வெற்றி.

அடுத்த ஆண்டே அந்தக் கோட்டை இடிந்தது. இடித்தவர் கர்நாடகத்தார். 1974இல் பெங்களூரில் நடந்த அரையிறுதியில் ஜி. ஆர். விசுவநாத் 162 ஓட்டங்களும் பிரிஜேஷ் படேல் 106 ஓட்டங்களும் அடித்தனர். பிரசன்னா கவாஸ்கரை வீழ்த்தினார். வடேகர் கால் வழுக்கி ரன் அவுட் ஆனார். முதல் இன்னிங்ஸ் முன்னிலையால் கர்நாடகம் வென்றது. பின்னர் ஜெய்ப்பூரில் இராஜஸ்தானை 185 ஓட்டங்களில் தோற்கடித்து முதல் கோப்பையைப் பெற்றது. மாநிலத்துக்குக் கர்நாடகம் என்று பெயர் சூட்டப்பட்டது 1973 நவம்பரில். புதுப் பெயர் பெற்ற முதல் பருவத்திலேயே முதல் கோப்பை!

அதன்பின் 1977-78, 1982-83, 1995-96, 1997-98, 1998-99, 2013-14, 2014-15 என ஏழுமுறை கோப்பை பெங்களூர் வந்தது. தமிழ்நாட்டுக்கு 1987-88இல் ஒருமுறை, எஸ். வாசுதேவன் தலைமையில் சேப்பாக்கத்தில் ரயில்வே அணியை இன்னிங்ஸ் கணக்கில் வென்றது.

முதல் இன்னிங்ஸ் என்னும் நீதிபதி

இங்கே புதியவர்களுக்கு ஒரு விதியை விளக்க வேண்டும். ரஞ்சி இறுதி ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தால், முதல் இன்னிங்ஸில் யார் அதிகம் எடுத்தாரோ அவருக்கே கோப்பை. 1995-96இல் கர்நாடகமும் தமிழ்நாடும் சேப்பாக்கத்தில் இறுதியில் மோதியபோது கர்நாடகம் இவ்வாறே வென்றது. "அது முழு வெற்றியா?" என்று நம் நண்பர் கேட்பார்.

அவருக்கு அல்சூர் நண்பர் ஒரு கதை சொல்லலாம். 1981-82இல் தில்லியில் நடந்த இறுதி ஆட்டத்தில் கர்நாடகம் முதல் இன்னிங்ஸில் 705 ஓட்டங்களைக் குவித்தது. 705! உலகில் எந்த அணியும் அந்த எண்ணைப் பார்த்தால் உறங்கப் போய்விடும். தில்லி உறங்கவில்லை. எட்டு விக்கெட்டுகளை இழந்து 707 எடுத்தது. இரண்டே ஓட்டங்கள் கூடுதல், கோப்பை தில்லிக்கு. விதி கொடுத்ததை ஏற்பவர், விதி பறித்ததையும் ஏற்கத்தான் வேண்டும். கர்நாடகம் இரண்டையும் ஏற்றது. ஆதலால் அதன் எட்டில் எதையும் நாம் குறைத்து எண்ணுவது முறையன்று.

எட்டுவது வேறு, முடிப்பது வேறு

இப்போது கூட்டிப் பார்ப்போம். 2024-25ஆம் பருவம் வரை கர்நாடகம் 14 இறுதி ஆட்டங்களில் ஆடி 8 முறை வென்றது. தமிழ்நாடு 12 இறுதி ஆட்டங்களில் ஆடி 2 முறை வென்றது. எட்டுக்கு இரண்டு என்றால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு போலத் தோன்றும். பதினான்குக்குப் பன்னிரண்டு என்றால்? ஏறத்தாழ ஒரே உயரம். நாடெங்கிலும் உள்ள அணிகளைத் தாண்டி இறுதி வாயிலை எட்டும் ஆற்றலில் இருவரும் அண்ணன் தம்பியரே. வாயிலைத் தாண்டும் கடைசி அடியில்தான் வேற்றுமை.

தமிழ்நாடு தோற்ற பத்து இறுதிகளில் ஐந்து பம்பாயிடம், இரண்டு கர்நாடகத்திடம். அந்த இரண்டில் ஒன்று இன்றும் நெஞ்சைச் சுடுவது. 2015 மார்ச்சில் மும்பையில் தமிழ்நாடு 134 ஓட்டங்களில் வீழ்ந்தபின், கருண் நாயர் 328 ஓட்டங்களும் கே. எல். ராகுல் 188 ஓட்டங்களும் அடிக்க, கர்நாடகம் 762 எடுத்தது. ரஞ்சி இறுதி ஆட்டங்களில் அதற்குமுன் எவரும் 328ஐ எட்டியதில்லை. முடிவு, ஓர் இன்னிங்ஸும் 217 ஓட்டங்களும். இதற்கு வாதம் ஏது? தலைவணங்குவதே முறை.

ஆனால் கடைசி அடியின் வலியைக் கர்நாடகம் அறியாதது என்று எண்ணிவிட வேண்டாம். 2010 சனவரியில் மைசூரில் மும்பைக்கு எதிரான இறுதி ஆட்டம். வெற்றிக்கு 338 வேண்டும். மனீஷ் பாண்டே 144 அடித்தார். கர்நாடகம் 331இல் நின்றது. ஆறே ஓட்டங்களில் தோல்வி! அன்று மைசூர்த் திடலில் கண் கலங்கியவர்களும், 1973இல் சேப்பாக்கத்தில் தலைகுனிந்து வெளியேறியவர்களும் ஒரே துயரத்தையே அறிந்தவர்கள்.

அண்மைக் கணக்கு

"பழங்கதை எதற்கு? இன்றைய நிலை என்ன?" என்று கேட்போரும் உண்டு. கேட்கட்டும். 2015-16 முதல் 2024-25 வரை இரண்டு அணிகளுமே ரஞ்சி இறுதியைக் கண்டதில்லை. விதர்பாவும் சௌராஷ்டிரமும் மத்தியப் பிரதேசமும் முன்னேறிவிட்டன. நாம் இருவரும் தாழ்வாரத்தில் பழம்பெருமை பேசிக்கொண்டிருக்கிறோம்!

குறுகிய ஆட்டங்களிலோ கணக்கு வேறு. ஒருநாள் போட்டியான விஜய் ஹசாரே கோப்பையை, 2024-25 வரை, இரண்டு மாநிலங்களும் ஐந்தைந்து முறை பெற்றுள்ளன. தமிழ்நாட்டின் ஐந்தில் ஒன்று உத்தரப் பிரதேசத்தோடு பகிர்ந்துகொண்டது. இருபது ஓவர்ப் போட்டியான சையது முஷ்டாக் அலி கோப்பையில், அதே காலம்வரை, தமிழ்நாட்டுக்கு மூன்று, கர்நாடகத்துக்கு இரண்டு. 2019 டிசம்பர் முதல் நாள் சூரத்தில் நடந்த இறுதியில் கர்நாடகம் ஒரே ஓட்டத்தில் வென்றது. 2021 நவம்பரில் தில்லியில் கடைசிப் பந்தில் ஐந்து ஓட்டங்கள் தேவை என்றபோது, ஷாருக்கான் சிக்சர் அடித்துத் தமிழ்நாட்டுக்குக் கோப்பையைத் தந்தார். கடன் கொடுத்தவன் வட்டியோடு வாங்கிக்கொண்டான் என்று அன்று விடுதிகளில் பேச்சு.

ஆகவே தீர்ப்பு இது. நீண்ட ஆட்டத்தின் கோப்பைகளில் கர்நாடகம் மேல், ஐயமில்லை. இறுதியை எட்டுவதில் ஏறத்தாழச் சமம். குறுகிய ஆட்டங்களில் சமம், அல்லது தமிழ்நாடு ஓரடி முன். எந்தக் கோப்பை, எந்தக் காலம் என்று சொல்லாமல் "நாங்களே மேல்" என்பவர், முகவரி எழுதாத கடிதத்தைப் பெட்டியில் போடுபவர்.

யாருக்குக் கைதட்டுவது?

இனி அந்த இரு நண்பர்களைப் பிரித்த கேள்விக்கு வருவோம். பெங்களூர்த் தமிழர் கர்நாடகத்துக்குக் கைதட்டலாமா?

அணி என்பது என்ன? மொழியா, குருதியா? முதல் ரஞ்சி ஆட்டத்தைச் சென்னைக்கு வென்று தந்த ராம்சிங் சீக்கியக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் மகன் கிருபால் சிங் சென்னைக்கு ஆடி, 1955இல் தம் முதல் டெஸ்ட் ஆட்டத்திலேயே சதம் அடித்தார். அவர்களைச் சென்னை தன் பிள்ளைகள் என்றே கொண்டாடியது. கருண் நாயர் மலையாளக் குடும்பத்தவர்; பிறந்தது இராஜஸ்தானத்து ஜோத்பூரில்; வளர்ந்தது பெங்களூரில். கர்நாடகத்துக்காக 328 அடித்த அவரே, 2024-25இல் விதர்பாவுக்காக ஆடி, இறுதி ஆட்டத்தில் சதம் அடித்து அவர்களுக்குக் கோப்பையைத் தந்தார். ஆடுகிறவர் எந்த மண்ணில் கற்றுத் தேர்ந்தாரோ, எந்த மக்கள் அவரை ஏற்றார்களோ, அதுவே அவர் அணி. ஆடுகிறவருக்கு உள்ள உரிமை, பார்க்கிறவருக்கு மட்டும் இல்லையா?

காவிரிச் சிக்கல் கொதித்த 1991ஆம் ஆண்டும், 2016 செப்டம்பரும் இந்நகரத் தமிழர்க்கு எளிதான நாட்கள் அல்ல. தெருவில் தமிழ் பேசத் தயங்கியவர்கள் நம்மில் பலர் வீட்டிலேயே உண்டு. அதனால்தான், "நீ எந்தப் பக்கம்?" என்ற கேள்வி நம் காதில் வெறும் விளையாட்டாக ஒலிப்பதில்லை. அந்தக் கேள்வியை வெளியார் நம்மிடம் கேட்டபோது நாம் வருந்தினோம். அதையே நாம் நம் தோழனிடம் கேட்கலாமா?

அதே 2016ஆம் ஆண்டு டிசம்பர் 19ஆம் நாளை நினைத்துப் பாருங்கள். செப்டம்பர் முடிந்து மூன்றே மாதம். சேப்பாக்கத்தில் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்ட் ஆட்டம். முன்னாள் ராகுல் 199இல் ஆட்டமிழந்திருந்தார். அன்று கருண் நாயர் ஆட்டமிழக்காமல் 303 ஓட்டங்களை எட்டினார். இருவரும் பெங்களூரில் ஆடித் தேறியவர்கள். தமிழ்நாட்டை மும்பையில் தரைமட்டமாக்கிய அதே கைகள். சேப்பாக்கத்துத் தமிழர் அவர்களைப் பார்த்து முகம் திருப்பவில்லை. மனமாரக் கைதட்டினர். 1999இல் வென்ற பாகிஸ்தான் அணிக்கே எழுந்து நின்று கைதட்டிய கூட்டம் அல்லவா அது!

மதுரை நண்பரே, அந்தச் சேப்பாக்கத்தின் பெருமையைப் பேசும் உரிமை உமக்கு உண்டு. அந்தப் பெருமைக்கு ஏற்ப நடக்கும் கடமையும் உண்டு. அல்சூர் நண்பரே, எட்டுக் கோப்பைகளை எண்ணும்போது 1934ஆம் ஆண்டின் 48ஐயும் 59ஐயும் புன்னகையோடு ஒருமுறை நினைத்துக்கொள்ளும். நாளை இரவு இருவரும் ஒரே மேசையில் அமருங்கள். வழக்கு தொடரட்டும்; அதற்குத் தடையில்லை. சாம்பார் ஆறுவதற்குள் உண்டு முடித்துவிட்டுத் தொடரலாம்.